அலமாரியில் அரிசி வைத்த வண்டிகள்

1

சுங்கை பட்டாணியில் இருக்கும் என் தோழிகளுக்கு நான் இன்னமும் இந்தியாவுக்குப் போனவள். இங்கே ஒரகடத்தில் நான் மலேசியாக்கார அண்ணி. இரண்டு ஊரிலும் வெளியூர்க்காரி என்ற பட்டத்தைப் பதின்மூன்று வருடமாகச் சுமக்கிறேன். வந்த புதிதில் அழுகை வரும். இப்போது யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

விசா நீட்டிப்பு அலுவலகத்தில் மட்டும் சிரிப்பு செல்லுபடியாகாது. இந்தியாவில் தங்கும் காரணம் என்று ஓர் இடம் விட்டிருப்பார்கள். கணவருடன் வாழ்கிறேன் என்று எழுதுவேன். அது ஏற்கெனவே மேலே வந்துவிட்டது, வேறு காரணம் எழுதுங்கள் என்பார்கள். வேறு காரணத்துக்கு நான் எங்கே போக? கோபித்துக்கொண்டு போக வேறு போக்கிடம் இல்லை என்று எழுது என்பார் என் கணவர். இந்த முறையும் அதே இழுபறிதான். அதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒரு வாரமாக மனதில் இருப்பது விசா இல்லை, எலி.

எலிக்கு வருமுன் என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. கீர்த்தனாவுக்குப் பதினாலு வயது. காலையில் நான் "பசியாறிட்டியா?" என்று கேட்டால், "இன்னாமா, டிபன் துன்னியான்னு கேளு, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்கிறாள். வீடியோவில் என் அக்கா பேசினால் இவள் பேசுவதில் பாதி அக்காவுக்குப் புரியவில்லை. பள்ளி விடுமுறைக்கு மலேசியா போகலாமா என்றால், அங்கே எனக்கு யாரைத் தெரியும் என்கிறாள். என் அம்மாவும் அக்காவும் அவளுக்கு யாரோ ஆகிவிட்டார்கள். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

என் கணவர் தணிகாசலம் இந்த ஊர்க்காரர். பினாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு சொந்த ஊரிலேயே கம்பெனிகள் வந்துவிட்டன என்று என்னையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். கார் கம்பெனியில் லைன் வேலை, ஷிஃப்ட், ஓவர்டைம் என்று இடுப்பு ஒடிந்த பிறகு, வாலாஜாபாத் சாலையில் ஒரு ஷெட் எடுத்தார். வேன் வாங்கி வருபவர்களுக்கு அதைக் கேம்பர் வேனாக மாற்றித் தருவது தொழில். உள்ளே படுக்கை, சின்ன சமையல் மேடை, கை கழுவும் தொட்டி, அலமாரிகள் எல்லாம் இருக்கும். குடும்பத்தோடு ஏறிக்கொண்டால் ஓட்டல் தேட வேண்டாம். கோயில் கோயிலாகப் போகிறவர்கள் இதை விரும்பிக் கேட்கிறார்கள்.

முதல் வண்டியை அனுமதிக்குக் கொண்டுபோனபோது, "இது வீடா, வண்டியா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று அதிகாரி கேட்டாராம். தணிகாசலம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்தவர் அதைப் பிடித்துக்கொண்டார். வீடும்தான், வண்டியும்தான், ஆகவே இரண்டுக்கும் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும் என்று முடிவு கட்டினார். இது இந்தப் பக்கத்துப் பழக்கமெல்லாம் இல்லை. எங்கள் ஷெட்டின் பழக்கம்.

வண்டி என்பதால் ஆயுத பூஜைக்குக் குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். வீடு என்பதால் புதுமனை புகும்போது வைப்பதைப்போல அலமாரிகளில் அரிசி, துவரம்பருப்பு, கல்லுப்பு, மஞ்சள், வெல்லம். கூடவே பூஜைப் பொரியும் கடலையும். வெறும் அலமாரியாகக் கொடுத்தால் வாங்குகிறவர் குடும்பம் விளங்காது என்பார். பூஜைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் வைத்து, உள்ளே சாம்பிராணி போட்டுப் பூட்டிவிடுவார். விஜயதசமி அன்று வண்டியை வாங்கியவர் வந்து திறந்து, அந்த அடுப்பிலேயே பால் காய்ச்ச வேண்டும். அதுவரை யாரும் உள்ளே ஏறக் கூடாது.

இந்த ஆண்டு மூன்று வண்டிகள் நின்றன. ஒன்று குன்றத்தூரில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு. ஒன்று மறைமலை நகரில் வேலை பார்க்கும் பிரபு என்ற இளைஞனுக்கு. மூன்றாவது, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக நாங்களே வைத்துக்கொண்ட மாதிரி வண்டி.

ஷெட்டுக்குப் பின்னால் கடைசியாக ஒரு வயல் மிச்சம் இருந்தது. அந்த வாரம்தான் அதில் குடோன் கட்ட ஜேசிபி இறங்கியது. வரப்பெல்லாம் பெயர்ந்தது. மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டே இருந்தன. சாலையில் காலையில் போனால் நசுங்கிய எலிகள் கிடந்தன. எல்லாம் எங்கள் ஷெட்டுப் பக்கம் ஓடி வந்தவை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போனேன். ஷெட்டில் கணக்கும் போனும் பார்ப்பவள் நான்.

3

பூட்டிய மறுநாளே சத்தம் கேட்டது. சாயங்காலம் இயந்திரங்கள் நின்ற பிறகு பிரபுவின் வண்டிப் பக்கமாக நடந்தேன். பிளைவுட் சுவருக்குள் யாரோ நகத்தால் மெல்லச் சுரண்டுவது போல இருந்தது. நான் நின்றால் அது நின்றது. நான் நகர்ந்தால் மறுபடி தொடங்கியது. ஷெட் நாய் அந்த வண்டியின் அடியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அது குரைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தணிகாசலத்திடம் சொன்னேன். பூஜை போட்ட வண்டியை நடுவில் திறக்க முடியாது என்றார். உங்கள் மலேசியாவில் எலியே இல்லையா என்றும் கேட்டார். இருக்கிறது, ஆனால் அதற்கு நாங்கள் அரிசி பருப்பு வைத்து வீடு கட்டித் தருவதில்லை என்றேன். ஒயரிங் பார்க்கும் ஏழுமலை சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். அதோடு பேச்சு முடிந்தது.

வண்டிக்கு அடியில் பொறி வைத்தேன். இங்கே மசால் வடை வைப்பார்கள், நான் என் ஊர் வழக்கப்படி கருவாடு வைத்தேன். ஒன்றும் விழவில்லை. உள்ளே விருந்து நடக்கும்போது வெளியே கருவாட்டை யார் மதிப்பார்கள்?

விஜயதசமி அன்று காலை, வாங்குகிறவர்கள் வருவதற்கு முன், நான் சொன்னது உறுத்தியதோ என்னவோ, தணிகாசலம் வண்டிகளைத் திறந்து பார்த்தார். நான் வாசலில் நின்றேன். பிரபுவின் வண்டியில் பொரிப் பை ஓட்டையாக இருந்தது. அலமாரி மூலையில் எள் சிந்தியதைப்போல எலிப் புழுக்கை. அவர் அதைக் கையாலேயே கூட்டி அள்ளி, பையை மாற்றி, மறுபடி ஓர் ஊதுபத்தி ஏற்றினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சுமதி. இன்னைக்கு நல்ல நாளு. இத போய் வாய வுட்டு சொல்லாத" என்றார்.

பிரபு குடும்பத்தோடு வந்தான். ஐந்து வயதில் ஒரு பையன், மனைவியின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பிரபுவின் மனைவி அடுப்பு பற்ற வைத்துப் பால் காய்ச்சினாள். நீல ஜுவாலை நன்றாக நின்று எரிந்தது, பால் பொங்கியது, எல்லோரும் கும்பிட்டோம். பிள்ளைகளுக்குத் தரையோடு ஒட்டிய மெத்தைதான் வேண்டும், மேலே படுக்க வைத்தால் உருண்டு விழுந்துவிடுவார்கள் என்று அவள் முன்பே கேட்டு வாங்கியிருந்தாள். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, மலையில குளுரு ஜாஸ்தியா இருக்குமாம். எல்லா ஜன்னலையும் சாத்திகினு படுத்தா ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஒன்றும் ஆகாது என்று தணிகாசலம் முந்திக்கொண்டு சொன்னார். இரண்டு வண்டிகளும் அன்றே கிளம்பிப் போயின.

4

அந்த வாரச் சனிக்கிழமை கீர்த்தனா ஷெட்டுக்கு வந்திருந்தாள். மாதிரி வண்டிக்குள் உட்கார்ந்து படிக்கிறேன் என்று ஏறியவள், ஏறிய வேகத்தில் இறங்கினாள். "மா, உள்ள ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது" என்றாள். ஏதோ செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். ஏழுமலை கதவுகளை எல்லாம் திறந்துவிட்டு, சமையல் மேடைக்கு அடியில் இருந்த அலமாரியைக் கழற்றினான்.

அங்கே சின்ன சிலிண்டர் வைக்கும் இடம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் அது கீழே வெளியேறட்டும் என்று தரையில் ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் வலை அடித்திருப்பார்கள். அந்த வலையைக் கடித்துக்கொண்டுதான் எலிகள் உள்ளே வந்திருந்தன. வந்தவை அந்த ஓட்டையின் மேலேயே கூடு கட்டி, கேஸ் வெளியேறும் வழியை அடைத்திருந்தன. மெத்தைப் பஞ்சு, பொரிப் பையின் கிழிசல், பூஜை மாலையின் நார் எல்லாம் அதில் இருந்தன. நடுவில் பச்சைப் பச்சையாக ஏதோ துகள். சிவப்பாகக் கண் திறக்காத குஞ்சுகள் அதன்மேல் நெளிந்துகொண்டிருந்தன.

கீர்த்தனா அந்தப் பச்சைத் துகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தணிகாசலம் அதை வாங்கிப் பார்த்ததும் சிலிண்டரின் பின்னால் கை விட்டார். பச்சை ரப்பர் குழாயை வெளியே இழுத்தார். அதன் ஒரு பக்கம் தேங்காய் துருவியதைப்போலச் சுரண்டப்பட்டிருந்தது.

உள்ளே கம்பி வலை வைத்த குழாய் எலிக்குக் கடிபடாது. அது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குறுகிய இடத்தில் அது வளையவில்லை. ஆகவே மூன்று வண்டிகளிலும் சாதாரண ரப்பர் குழாய் போட்டிருந்தார்.

மூன்று வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றவை. மூன்றிலும் அரிசி, மூன்றிலும் பொரி. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கலாமா என்று கேட்ட அந்தப் பெண்ணின் முகம்தான் கண்முன் வந்தது.

5

உடனே போன் செய்யுங்கள் என்றேன். அவர் செய்யவில்லை. தண்ணீர் குடித்தார், ஷெட்டின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு, சும்மா ஒரு ஃப்ரீ சர்வீஸ் இருக்கிறது, வண்டியைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்றார். எலி என்று சொன்னால் இனி ஒருவனும் இந்த ஷெட் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டான் என்றார்.

"ஃப்ரீ சர்வீஸ்னா அடுத்த மாசம் வருவாங்க. அதுக்குள்ள அந்தப் பொண்ணு எத்தன தடவ அடுப்பு பத்த வைப்பா?" என்று கேட்டேன். கீர்த்தனா அப்பாவின் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன், வழக்கமாக அவள் அப்படித்தான். அவள் மேசைமேல் இருந்த அவருடைய போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

முதலில் குன்றத்தூர். ஆசிரியர் வண்டியை வீட்டு வாசலில்தான் நிறுத்தியிருந்தார், இன்னும் எங்கும் எடுக்கவில்லை. ஃப்ரீ சர்வீஸ் என்றே ஆரம்பித்தார் தணிகாசலம். சிலிண்டருக்குப் பின்னால் குழாய் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா என்றார். ஆசிரியர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. ரெகுலேட்டர் மூடித்தான் இருக்கிறது, ஆனால் குழாயைப் பாதி கடித்திருக்கிறது தம்பி, புது வண்டியில் எலியா என்றார் அவர். தணிகாசலம் அதற்குப் பதில் சொல்லாமல், அதைத் தொடாதீர்கள், ஏழுமலையை இப்போதே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தார். ஏழுமலை புதுக் குழாயோடு அப்போதே கிளம்பினான்.

அடுத்து பிரபு. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே குரல். அவன் மனைவியின் எண் எங்களிடம் இல்லை.

கீர்த்தனாதான் அவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்து காட்டினாள். முந்தின நாள் வைத்த படம். மூடுபனியில் எங்கள் வண்டி நிற்கிறது. பக்கத்தில் பெரிய பாறை. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் சாத்தி, உள்பக்கம் வேர்த்து வெள்ளையாக இருக்கின்றன. கீழே ஒரு கண்ணாடியில் குழந்தையின் கை பதிந்த தடம். ஏற்காடு என்று மட்டும் போட்டிருந்தது.

அவசர உதவி எண்ணுக்கு நான் பேசினேன். என் தமிழைக் கேட்டு, மேடம் நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். அதற்கு ஒரு நிமிடம் போயிற்று. ஏற்காட்டில் எந்த இடம் என்று கேட்டார்கள். ஒரு பாறைக்குப் பக்கத்தில் என்றேன். அங்கே பாறை நிறைய இருக்கிறது என்று பொறுமையாகத்தான் சொன்னார்கள். வண்டி எண்ணை வாங்கிக்கொண்டு, மலையில் உள்ளவர்களுக்குத் தகவல் சொல்கிறோம் என்றார்கள். தகவல் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வழி இல்லை.

அன்று மத்தியானம் முழுவதும் நான் செய்த ஒரே வேலை அந்த எண்ணை அழுத்துவது. நான் ஓய்ந்தால் கீர்த்தனா அழுத்துவாள். பின்பக்கம் ஜேசிபி மண்ணை வாரிக் கொட்டிக்கொண்டே இருந்தது. தணிகாசலம் மாதிரி வண்டியின் படியில் உட்கார்ந்து, அந்தக் குழாயைக் கையில் வைத்து வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி வளைக்கும்போது கடிபட்ட இடத்தில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. போதும், அதைக் கீழே போடுங்கள் என்றேன். அவர் போடவில்லை.

6

வெயில் இறங்கும் நேரத்தில் பிரபுவே கூப்பிட்டான். தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறான். தணிகாசலம் ஸ்பீக்கரைப் போட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான். இங்கே டவரே சரியாக இல்லை, இப்போதுதான் எடுக்கிறது, பாறைமேல் ஏறி நின்று பேசுகிறேன் என்றான். நல்ல சந்தோஷத்தில் இருந்தான்.

"வண்டி சூப்பரா கீதுண்ணா. புது பெயிண்ட் வாசன மட்டும் போவல, அது போவப் போவ சரியாய்டும். பசங்க இன்னாமா தூங்குறாங்க தெரியுமா? வூட்டுல ஒரு நிமிஷம் கண்ண மூடாதுங்க. இங்க மத்தியானம் படுத்ததுங்க, எழுப்புனாலும் எழுந்துக்க மாட்டன்றாங்க. டீ போட்டுக் குடுத்து எழுப்பலாம்னு இப்பதான் அவ உள்ள போறா."

தணிகாசலம் எழுந்து நின்றார். ஃப்ரீ சர்வீஸ் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

"பிரபு, நான் சொல்றத கேளு. வண்டியில எலி பூந்து கேஸ் டியூப கடிச்சிருக்குது. அது பெயிண்ட் வாசன இல்ல. அடுப்பு பத்த வைக்கக் கூடாது, லைட் சுச்சு தொடக் கூடாது. புள்ளைங்கள வெளிய தூக்கு. ஓடுடா."

போனைக் கையில் பிடித்தபடியே அவன் ஓடியிருக்க வேண்டும். பாறையில் செருப்பு சரியும் சத்தம் வந்தது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினான், ஒரு முறை, இன்னொரு முறை. வேன் கதவு இழுபடும் சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அழைப்பு துண்டிக்கப்படவில்லை, திரையில் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கீர்த்தனா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் எந்தச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அதற்கு வாய் வரவில்லை.

முதலில் கைக்குழந்தை அழுதது. மெல்லிய அழுகையாகத் தொடங்கி, இருமி, பிறகு வீறிட்டது. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். நாங்கள் மூவரும் போனைச் சுற்றி நின்று அடுத்ததற்காகக் காத்திருந்தோம். பிரபுவின் மனைவி பையனின் பெயரைச் சொல்லி உலுக்குவது கேட்டது. அவன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, அவன் வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா எழுப்புன?" என்று சிணுங்கினான்.

தணிகாசலம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

பிரபு மறுபடி போனுக்கு வந்தான். எல்லோரும் வெளியே வந்துவிட்டோம், சிலிண்டரை மூடிவிட்டேன் என்றான். பையனுக்குத் தலை சுற்றுகிறது, மருத்துவமனைக்குப் போகிறோம், வண்டியை எடுக்கவில்லை, வேறு யாருடைய காரிலாவது கேட்டுப் போகிறோம் என்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தோம். அவன் திட்டவில்லை. குரல் அடங்கி, ஒன்று மட்டும் கேட்டான்.

"அண்ணா, எங்க கையில குடுக்கும்போதே எலி இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

தணிகாசலம் என்னைப் பார்த்தார். தெரியாது என்று சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். அலமாரி மூலையை அவர் கூட்டி அள்ளியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் தலையை அசைக்கவும் இல்லை, கண்ணைத் திருப்பவும் இல்லை.

"தெரியும்பா" என்றார்.

போனில் அந்தக் கைக்குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது.